அதிகாரத் தலைப்பு மாறிய கௌபாய் கதைகள்

ஒன்றைச் சொல்ல வந்தவர் அதை வெளிப்படையாகச் சொல்லாமல், அதைப் போன்ற வேறொன்றைச் சொல்லி, கருதிய பொருளைக் கேட்பவரே உய்த்துணருமாறு விட்டுவிடும் முறையைத் தமிழ் அணியிலக்கணம் பிறிது மொழிதல் என்று அழைக்கிறது. மயிலிறகேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் கூறும்போது, அது பாரம் ஏற்றுவோருக்குச் சொல்லிய அறிவுரை அன்று என்பதும், எளிய பகைவரும் பலராய்த் திரண்டால் வலிய அரசன் தாங்கமாட்டான் என்பதே அதன் கருத்து என்பதும், அந்தக் குறள் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்தில் அமைந்திருப்பதால் தெளிவாகின்றன. தலைப்பை எடுத்துவிட்டால் அதே குறள், கடன்மேல் கடன் வாங்குபவனுக்கும் பொருந்தும், அளவுக்கு மீறி வரி விதிக்கும் அரசுக்கும் பொருந்தும். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாவலாசிரியர்களும் திரைக்கதை ஆசிரியர்களும் தம் காலத்து அரசியலைச் சாடையாகப் பேசுவதற்கு மீண்டும் மீண்டும் எடுத்தாண்ட 'வெஸ்டர்ன்' என்னும் கதைவகையின் வரலாறு, பெரும்பாலும் இத்தகைய அதிகாரத் தலைப்புகள் மாறிக்கொண்டே வந்த வரலாறுதான்.

வெஸ்டர்ன் என்பது அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டிற்கும், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இனி நாட்டில் 'எல்லைப்புறம்' என்று தனியாகக் கோடு கிழித்துக் காட்ட இடமில்லை என்று அறிவித்த 1890ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்தை, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கிலுள்ள மேய்ச்சல் நிலங்களிலும் பாலைகளிலும் வைத்துச் சொல்லும் கதை. தமிழ் வாசகர்களுக்கு இவ்வுலகம் அயலானதன்று. சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் வழியாக டெக்ஸ் வில்லரையும், 1972இல் வெளியான 'கங்கா' படத்தின் வழியாகக் குதிரையேறிய ஜெய்சங்கரையும் அறிந்தவர்கள், ஒற்றைத் தெரு, மதுக்கூடம், சிறைக்கூடம், புழுதி கிளப்பி வரும் அந்நியன் ஆகிய உறுப்புகளை உடனே இனங்கண்டுகொள்வார்கள். அரசாங்கத்தின் கை இன்னும் முழுமையாக எட்டாத, சட்டம் எழுதப்பட்டும் காலூன்றாத ஊரில், நிலம் யாருக்குச் சொந்தம், யார் யாரைத் தண்டிக்கலாம், தனி மனிதனுக்கு ஊர் என்ன கடமைப்பட்டிருக்கிறது என்ற கேள்விகளெல்லாம் சதையும் தோலும் நீங்கிய எலும்புக்கூடாக நிற்பதால், எந்தக் காலத்து உடையையும் அதன்மேல் போர்த்திவிட முடிகிறது. சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று அறிஞர்கள் ஒதுக்கிவைத்த கதைவகை என்பதும் ஒரு வசதியாயிற்று. குதிரையும் துப்பாக்கியும் இருக்கும் படத்தில் அரசியலைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆனால் இந்தச் சாடைப்பேச்சைக் கண்டுபிடித்தவர்கள் அதிகாரத்தை எதிர்த்தவர்களே என்று எண்ணிவிடலாகாது. நவீன வெஸ்டர்ன் நாவலின் தொடக்கமாகக் கருதப்படும் ஓவன் விஸ்டரின் 'தி வர்ஜீனியன்' 1902இல் வெளிவந்தது; ஆசிரியர் தம் ஹார்வர்டு நண்பரும் அப்போதைய குடியரசுத் தலைவருமான தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அந்நாவலுக்குப் பின்புலமாக நின்றது, பத்தாண்டுகளுக்கு முன் வயோமிங் மாநிலத்தில் நடந்த ஜான்சன் மாவட்டப் போர். திறந்தவெளிப் புல்வெளிகளில் பல்லாயிரம் மாடுகளை மேய்த்துவந்த பெரும் பண்ணையார்கள், அங்கே புதிதாகக் குடியேறிச் சிறு மந்தைகளை வைத்திருந்தவர்களை மாட்டுத் திருடர்கள் என்று முத்திரை குத்தி, டெக்சஸிலிருந்து கூலித் துப்பாக்கிக்காரர்களை வரவழைத்து, கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலோடு 1892 ஏப்ரலில் படையெடுத்தார்கள். கே.சி. பண்ணை என்னும் இடத்தில் நேட் சாம்பியன், நிக் ரே என்ற இருவர் கொல்லப்பட்டனர்; சுற்றிலும் குண்டுகள் பாய்ந்துகொண்டிருந்தபோது சாம்பியன் தம் சட்டைப்பைக் குறிப்பேட்டில் நடப்பவற்றை எழுதிக்கொண்டே இருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. செய்தி பரவியதும் ஊர்மக்கள் திரண்டு படையெடுத்தவர்களையே முற்றுகையிட, குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் குதிரைப்படையை அனுப்பிப் பண்ணையாரின் ஆட்களை மீட்டார். வழக்கு நடத்தும் செலவைத் தாங்கமுடியாமல் மாவட்டம் தள்ளாட, இறுதியில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

விஸ்டரின் நாவலில் இந்த வரலாறு தலைகீழாகிறது. பண்ணையார் தரப்பே நேர்மையின் தரப்பு. கதாநாயகன் தன் பழைய நண்பனையே மாடு திருடியதற்காகத் தூக்கிலிடும் குழுவுக்குத் தலைமை தாங்குகிறான். அவனை விரும்பும் பள்ளி ஆசிரியை அதைக் கேட்டு அதிர்ந்துபோகும்போது, ஓய்வுபெற்ற நீதிபதியும் பண்ணை உரிமையாளருமான ஹென்றி என்பவர், தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் எரித்துக் கொல்வதும் வயோமிங்கில் திருடர்களைத் தூக்கிலிடுவதும் ஒன்றல்ல என்று அவளுக்கு நெடிய விளக்கம் அளிக்கிறார். ஐடா பி. வெல்ஸ் போன்ற கறுப்பின இதழாளர்கள் விசாரணையற்ற கும்பல் கொலைகளுக்கு எதிராக நாடெங்கும் குரலெழுப்பிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட அந்த உரையாடல், கதையின் போக்குக்கு அவ்வளவாகத் தேவைப்படாத, ஆனால் ஆசிரியரின் காலத்துக்குத் தேவைப்பட்ட ஒரு பகுதி. நடப்பு நிகழ்ச்சிகளைப் பற்றி வெஸ்டர்ன் கருத்துரைக்கத் தொடங்கியபோது அது வலியவரின் வழக்கறிஞராகவே வாயைத் திறந்தது.

அந்த வாதத்துக்கு அதே கதைவகைக்குள்ளிருந்து வந்த மறுமொழிக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. வால்டர் வான் டில்பர்க் கிளார்க் 1940இல் வெளியிட்ட 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' நாவலில், 1885ஆம் ஆண்டு நெவாடாவின் சிற்றூர் ஒன்றில், பண்ணைக்காரர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டு மாடுகள் திருடப்பட்டுவிட்டன என்ற செய்தி பரவுகிறது. முன்னாள் படை அதிகாரி ஒருவரின் தலைமையில் ஊர்க்கும்பல் புறப்பட்டு, மலைப்பாதையில் தங்கியிருந்த மூவரைப் பிடித்து, விடியும்வரை கெஞ்சவைத்துத் தூக்கிலிடுகிறது. திரும்பும் வழியில், இறந்ததாகச் சொல்லப்பட்டவர் உயிரோடு இருப்பது தெரிகிறது. நாவலை எழுதிய ஆண்டுகள் ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி உச்சத்திலிருந்த ஆண்டுகள் என்பதால் விமர்சகர்கள் பலரும் நாட்சிகளை மனத்தில் கொண்டே அதைப் படித்தார்கள். கிளார்க்கின் கவலை அதைவிடக் கூர்மையானது. அந்த நோய் ஐரோப்பாவுக்கு மட்டும் உரியது என்று தம் நாட்டவர் நம்பிக்கொண்டிருப்பதே அவரை உறுத்தியது, ஆகவேதான் கும்பலின் மனத்தை நெவாடாவின் மண்ணிலேயே முளைக்கவிட்டார். 1943இல் வில்லியம் வெல்மன் இதைத் திரைப்படமாக்கியபோது அதில் நடித்த ஹென்றி ஃபோண்டா, 1919இல் ஒமாஹா நகரில் வில் பிரவுன் என்ற கறுப்பினத்தவரை ஒரு கும்பல் கொன்றதைச் சிறுவனாகத் தம் தந்தையின் அச்சகத்திலிருந்து பார்த்தவர். விஸ்டரின் நீதிபதி இரண்டாகப் பிரித்துவைத்த கொலைகள் ஃபோண்டாவின் நினைவில் ஒன்றாகவே இருந்தன.

சாடைப்பேச்சுக்கு மிகுந்த தேவை ஏற்பட்ட காலம் அதற்குப் பிறகு வந்தது. அமெரிக்கத் தன்மைக்கு மாறான நடவடிக்கைகளை விசாரிப்பதற்காகப் பிரதிநிதிகள் சபை அமைத்திருந்த குழு, 1947 அக்டோபரில் ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருப்பதாகக் கூறி விசாரணையைத் தொடங்கியது. பதில் கூற மறுத்த பத்து எழுத்தாளர்களும் இயக்குநர்களும் அவமதிப்புக் குற்றத்துக்காகச் சிறை சென்றார்கள். அத்தகையோருக்கு வேலை தருவதில்லை என்று படநிறுவனங்கள் கூடி முடிவெடுத்தன. இதுவே கறுப்புப் பட்டியல் எனப்பட்டது. 1951இல் விசாரணை மீண்டும் தொடங்கியபோது அழைக்கப்பட்டவர்கள் முன்னிருந்த வழிகள் இரண்டே: பழைய தோழர்களின் பெயர்களைச் சொல்லிப் பிழைப்பைக் காத்துக்கொள்வது, அல்லது வாய்மூடி இருந்து பிழைப்பை இழப்பது. காட்டிக்கொடுத்தல் என்று தமிழில் ஒரே சொல்லில் அடங்கும் அந்தச் செயலுக்குக் குழுவின் மொழியில் ஒத்துழைப்பு என்று பெயர்.

அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் திரைக்கதை ஆசிரியர் கார்ல் ஃபோர்மன். முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து விலகிய அவர், ஆணை வந்து சேர்ந்தபோது 'ஹை நூன்' என்னும் படத்தின் பணியில் இருந்தார். கதையின் வித்து 1947இல் 'காலியர்ஸ்' இதழில் ஜான் டபிள்யூ. கன்னிங்ஹாம் எழுதிய ஒரு சிறுகதை. ஃபோர்மன் முதலில் கருதியது ஐக்கிய நாடுகள் அவையையும், ஒரு நாடு தாக்கப்படும்போது பிற நாடுகள் உடன் நிற்க வேண்டிய கடமையையும் பற்றிய உருவகம் ஒன்றை. விசாரணையின் நிழல் நெருங்கியபோது அதே எலும்புக்கூட்டுக்கு வேறு சதை வளர்ந்தது. ஊர்க்காவல் தலைவனான மார்ஷல் வில் கேன் திருமணம் முடிந்து பதவியைத் துறந்து புறப்படும் வேளையில், அவன் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி நண்பகல் ரயிலில் வருகிறான் என்றும், அவனுடைய ஆட்கள் மூவர் நிலையத்தில் காத்திருக்கிறார்கள் என்றும் செய்தி வருகிறது. கேன் ஊரில் உதவி கேட்டு அலைகிறான். தண்டனை வழங்கிய நீதிபதி சட்டநூல்களை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார். நண்பன் வீட்டில் இல்லையென்று மனைவியைக்கொண்டு சொல்லவைக்கிறான். தேவாலயத்தில் கூடிய பெரியவர்கள் கேனைப் புகழ்ந்து பேசிவிட்டு, ஊரின் நற்பெயரைக் கருதி அவன் வெளியேறுவதே நல்லது என்று முடிக்கிறார்கள். ஏறத்தாழ 85 நிமிடப் படத்தில் கதைக்குள் ஓடும் நேரமும் அவ்வளவே என்பதால், சுவரில் மாட்டிய கடிகாரங்கள் ஒவ்வொரு மறுப்பையும் அளந்துகொண்டிருக்கின்றன. தனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் நின்றுபோனதையும், நண்பர்கள் சொன்ன சாக்குகளையும் கிட்டத்தட்ட அப்படியே அந்த ஊராரின் வாயில் வைத்ததாக ஃபோர்மன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். தீயவர்களான நால்வரைவிட, நல்லவர்களான நூறு பேரையே இப்படம் நெருங்கி நின்று காட்டுகிறது என்பதுதான் அதன் உயிர்நிலை.

1951 செப்டம்பரில் ஃபோர்மன் குழுவின்முன் தோன்றிப் பெயர்களைச் சொல்ல மறுத்தார். தயாரிப்பாளரும் நெடுநாள் கூட்டாளியுமான ஸ்டான்லி கிராமர் அவரை நிறுவனத்திலிருந்து விலக்கினார். இணைத் தயாரிப்பாளர் என்ற பெயரும் படத்திலிருந்து நீக்கப்பட்டது. கேனாக நடித்த கேரி கூப்பர் பழமைவாதி, 1947இல் அதே குழுவின்முன் விரும்பிச் சாட்சி சொன்னவர், ஆயினும் ஃபோர்மனுக்கு ஆதரவாகப் பேசினார். (1929இல் 'தி வர்ஜீனியன்' திரைப்படமானபோது நண்பனைத் தூக்கிலிடும் நாயகனாக நடித்தவரும் இதே கூப்பர்தான், ஒரே நடிகரின் முகத்துக்குள் இக்கதைவகையின் இரு முனைகளும் இருக்கின்றன.) ஃபோர்மன் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். மைக்கேல் வில்சனோடு சேர்ந்து அவர் பெயர் வெளிவராமல் எழுதிய 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்கான ஆஸ்கர் விருது, மூலநாவலின் ஆசிரியரான பிரெஞ்சுக்காரர் பியேர் பூலுக்குப் போயிற்று. ஆங்கிலத்தில் அதை எழுதியவர் அவரல்லர் என்பது திரையுலகம் அறிந்த இரகசியம்.

'ஹை நூன்' 1952இல் வெளியானபோது தலைப்பு நீங்கிய குறளின் கதையே நடந்தது. இயக்குநர் ஃபிரெட் சின்னமன், நாட்சிகளிடம் பெற்றோரை இழந்தவர், அதை அரசியல் உருவகமாக ஏற்கவில்லை. மனச்சான்றுக்குக் கட்டுப்பட்ட ஒருவனின் கதை என்பதே அவர் கொண்ட பொருள். ஊரார் கைவிட்டாலும் கடமையைச் செய்யும் தனித் தலைவன் என்ற கோணத்தில் பார்த்த குடியரசுத் தலைவர்கள், ஐசன்ஹோவர் முதல் கிளின்டன்வரை, அதை விரும்பி வெள்ளை மாளிகையில் திரையிட்டுப் பார்த்தார்கள். நாட்டின் முதல் குடிமகன் தன்னைக் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றவனின் சாயலில் கண்டுகொள்வது சற்று வேடிக்கையானதுதான். படத்தின் உட்பொருளை உடனே மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் நடிகர் ஜான் வெய்ன். கம்யூனிஸ்டுகளை விரட்டுவதற்காகத் திரையுலகினர் அமைத்த சங்கத்தின் தலைவராக இருந்த அவர், நண்பர் கூப்பருக்குக் கிடைத்த சிறந்த நடிகர் ஆஸ்கரை 1953இல் அவர் சார்பில் மேடையேறிப் பெற்றுக்கொண்டு, இந்த வேடம் தமக்கு ஏன் வரவில்லை என்று விளையாட்டாகக் குறைபட்டுக்கொண்டார். ஆனால் 1971இல் அளித்த ஒரு நேர்காணலில், அமெரிக்கத் தன்மைக்கு இவ்வளவு மாறான படத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்று சாடி, ஃபோர்மனை நாட்டைவிட்டு விரட்ட உதவியதற்காக வருந்தவில்லை என்றும் சொன்னார். இறுதிக் காட்சியில் கேன் ஐக்கிய அமெரிக்க மார்ஷலின் சின்னத்தைக் கீழே போட்டுக் காலால் மிதிப்பதாக அவர் நினைவுகூர்ந்தது பிழை. கேன் நட்சத்திரத்தைப் புழுதியில் எறிகிறான், மிதிப்பதில்லை. அவன் ஊர் மார்ஷலே தவிர நடுவண் அரசின் மார்ஷலும் அல்லன். வெறுப்பும் ஒருவகையில் கூர்ந்த வாசிப்புதான் என்றாலும் அது படத்தில் இல்லாததையும் சேர்த்தே பார்த்துவிடுகிறது.

வெய்னும் இயக்குநர் ஹோவர்டு ஹாக்சும் சேர்ந்து 1959இல் தந்த 'ரியோ பிராவோ' இதற்கு வேண்டுமென்றே எழுதப்பட்ட மறுப்புரை. அதில் வரும் ஷெரீஃப் ஊராரிடம் கையேந்துவதில்லை; முன்வந்து உதவ விரும்பும் தொழில் தெரியாதவர்களைத் தடுத்துவிட்டு, குடிக்கு அடிமையான ஒருவன், கால் ஊனமான முதியவர், ஓர் இளைஞன் ஆகியோரோடு நின்று வெல்கிறான். கருத்து எதுவாயினும் படம் அருமையானது என்பதையும், அரசியல் மறுப்புக்காகத் தொடங்கிய ஒன்று நட்பைப் பற்றிய படமாக விரிந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விசாரணைக் காலத்தின் வேறு தடயங்களும் உண்டு. ஆலன் டுவான் 1954இல் இயக்கிய 'சில்வர் லோட்' படத்தில் பொய்க்குற்றம் சுமத்தி ஊரைத் தூண்டிவிடும் வில்லனின் பெயர் மெக்கார்ட்டி. கம்யூனிஸ்ட் வேட்டையில் முன்னின்ற செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை நினைவூட்ட இதற்குமேல் உரத்துப் பேச முடியாது. அதே ஆண்டின் 'ஜானி கிட்டார்' படத்தில், பிடிபட்ட இளைஞன் ஒருவனிடம், வியன்னா என்ற பெண்ணும் கொள்ளையில் பங்குகொண்டாள் என்று சொன்னால் விட்டுவிடுவதாகக் கும்பல் வாக்களிக்கிறது. அவன் சொல்கிறான், பிறகு அவனும் தூக்கிலிடப்படுகிறான். கும்பலின் தலைவர்களுள் ஒருவராக நடித்த வார்டு பாண்ட், உண்மை வாழ்வில் ஜான் வெய்னின் சங்கத்தில் முன்னணியில் நின்றவர். நாயகனாக நடித்த ஸ்டெர்லிங் ஹேடன், 1951இல் குழுவின்முன் பெயர்களைச் சொல்லிவிட்டு வாழ்நாள் முழுதும் அதற்காகத் தம்மையே நொந்துகொண்டவர். இயக்குநர் நிக்கோலஸ் ரே நடிகர்களைத் தேர்ந்ததா, அல்லது காலமே தேர்ந்து கொடுத்ததா என்று வியக்கத் தோன்றும்.

'ஹை நூன்' பெற்ற தலைப்புகளில் எதிர்பாராதது போலந்தில் கிடைத்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த அந்நாட்டில், பகுதியளவே சுதந்திரமான தேர்தல் 1989 ஜூன் 4 அன்று நடந்தபோது, தோமஷ் சர்நேத்ஸ்கி என்ற இளம் வரைகலைஞர் சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத்துக்காக ஒரு சுவரொட்டி உருவாக்கினார். கேரி கூப்பர் எதிரே நடந்து வருகிறார். கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு, மார்பில் நட்சத்திரத்துக்கு மேலே சாலிடாரிட்டியின் சின்னம், கீழே தேர்தல் நாளோடு சேர்த்து 'நண்பகல்' என்று பொருள்படும் படத்தின் போலிஷ் பெயர். போட்டிக்குத் திறந்துவிடப்பட்ட கீழவை இடங்கள் 161ஐயும், மேலவையின் 100 இடங்களில் 99ஐயும் இரு சுற்றுகளின் முடிவில் இயக்கம் வென்றது. முன்னாள் கம்யூனிஸ்ட் ஒருவர், கம்யூனிஸ்ட் வேட்டையின் கொடுமையைச் சொல்ல எழுதிய மனிதன், கம்யூனிஸ்ட் ஆட்சியை வாக்குச்சீட்டால் வீழ்த்தும் அடையாளமாகிவிட்டான். ஃபோர்மன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1984இலேயே காலமாகிவிட்டார். ஆயினும் அச்சத்தால் ஒதுங்கி நிற்கும் ஊரிடம் ஒருவன் முறையிடுகிறான் என்ற அடிப்படை சிதையாமல் இருந்ததால், போலந்துக்காரர்களின் வாசிப்பைத் தவறான வாசிப்பு என்று தள்ளிவிடவும் முடியாது.

ஐரோப்பாவில் இக்கதைவகையை அரசியலுக்கு எடுத்தவர்கள் அவர்களுக்கு முன்பும் இருந்தார்கள். 1966இல் இத்தாலியில் தாமியானோ தாமியானி இயக்கி வெளியான 'கியேன் சாபே?' படத்தின் எழுத்தில், 'அல்ஜியர்ஸ் போர்' படத்தின் திரைக்கதை ஆசிரியரான ஃபிராங்கோ சோலினாஸ் பங்குகொண்டார். மெக்சிகோ புரட்சியாளர்களோடு நண்பனாகப் பழகி அவர்களின் தளபதியைக் கொல்ல வரும் அமெரிக்க இளைஞன், லத்தீன் அமெரிக்காவில் அன்றைய அமெரிக்கத் தலையீட்டின் உருவம் என்பது அக்காலத்துப் பார்வையாளருக்கு எளிதில் விளங்கியது. கிழக்கு ஜெர்மனியின் அரசுப் படநிறுவனமான டேஃபா, அதே ஆண்டு தொடங்கித் தொடர்ச்சியாக எடுத்த படங்களில் பூர்வகுடித் தலைவர்களே நாயகர்கள், நிலம் பறிக்கும் வெள்ளையர்களே வில்லன்கள். யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த கோய்கோ மிதிச் அங்கே பெரும் நட்சத்திரமானார். அமெரிக்க முதலாளியத்தின் நிலவெறியை அப்படங்கள் சரியாகவே காட்டின. பெர்லினில் எழுப்பப்பட்டிருந்த சுவரைப் பற்றிச் சொல்ல அவற்றுக்குக் கௌபாய் உருவகம் எதுவும் கிடைக்கவில்லை போலும்.

வியட்நாம் போர் இந்தக் கதைவகைக்குள் நுழைந்த விதம் வேறு. எழுத்தாளர்கள் உவமையைத் தேடிப் போகும் முன்பே போரை நடத்தியவர்கள் அதைப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஜான் எஃப். கென்னடி 1960இல் தம் அரசியல் திட்டத்துக்குப் புதிய எல்லைப்புறம் என்று பெயரிட்டார். படைவீரர்கள் எதிரியின் ஆளுகையிலிருந்த பகுதிகளை, அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு வழங்கிய பழைய பெயரால், இந்தியர் நாடு என்று அழைத்தார்கள். 1966இல் நடந்த ஒரு படைநடவடிக்கைக்கு லகோட்டா பூர்வகுடித் தலைவர் கிரேசி ஹார்சின் பெயரே சூட்டப்பட்டது. 1965 நவம்பரில் இயா டிராங் பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டரில் வந்திறங்கிப் போரிட்டது ஏழாம் குதிரைப்படைப் பிரிவு. 1868இல் வாஷிட்டா ஆற்றங்கரையில் செயென் மக்களின் குடியிருப்பை ஜார்ஜ் கஸ்டரின் தலைமையில் தாக்கியதும், 1890இல் வூண்டட் நீ என்னும் இடத்தில் லகோட்டா மக்களைச் சுட்டுக் குவித்ததும் அதே படைப்பிரிவுதான். இங்கே பிறிது மொழிதலுக்கு வேலையே இல்லை. குதிரைக்குப் பதில் ஹெலிகாப்டர் வந்ததைத் தவிரப் பெயர்கூட மாறவில்லை.

வியட்நாமின் மை லாய் சிற்றூரில் 1968 மார்ச் 16 அன்று அமெரிக்க வீரர்கள் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்ற செய்தி, ஓராண்டுக்கும் மேலாக மறைக்கப்பட்டிருந்து 1969 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வெளியான இரண்டு படங்களை அந்தச் செய்தி இல்லாமல் எவராலும் பார்க்க முடியவில்லை. ரால்ஃப் நெல்சனின் 'சோல்ஜர் புளூ', 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிரீக்கில், அமைதி விரும்பிய செயென் தலைவர் பிளாக் கெட்டிலின் குடியிருப்பில் அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்தபோதே கர்னல் ஜான் சிவிங்டனின் படை நடத்திய படுகொலையை அடியொற்றியது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். இப்படம் குருதியை அள்ளிக் கொட்டுவதில் காட்டிய ஆர்வம் அதன் கண்டனத்தையே ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. தாமஸ் பெர்கரின் 1964ஆம் ஆண்டு நாவலிலிருந்து ஆர்தர் பென் எடுத்த 'லிட்டில் பிக் மேன்' நுட்பமானது. வாஷிட்டா தாக்குதலில் பனிமேல் ஓடும்போது சுடப்படும் நாயகனின் செயென் மனைவியாக நடித்தவர் ஹாங்காங்கில் பிறந்த ஆசிய முகம் கொண்ட நடிகை என்பதால், அக்காட்சி எந்த நாட்டில் நடக்கிறது என்பதைப் பார்வையாளர் ஒரு கணம் மறந்துவிடுகிறார். இவற்றைக் காட்டிலும் நேர்மையான படம், ராபர்ட் ஆல்ட்ரிச் 1972இல் தந்த 'உல்சானாஸ் ரெய்டு' என்று கொள்ள இடமுண்டு. அது எத்தரப்பையும் தூய்மைப்படுத்தாமல், தனக்குப் புரியாத நாட்டில், புரியாத மக்களைத் துரத்தும் இளம் அதிகாரியின் குழப்பத்தை மட்டும் பின்தொடர்கிறது.

ஆயினும் இப்படங்கள் எல்லாவற்றிலும் ஒரு நெருடல் இருக்கிறது. செயென் மக்களுக்காக இரங்கச் சொல்லும் படம், உண்மையில் வியட்நாமியருக்காக இரங்கச் சொல்கிறது என்றால், செயென் மக்கள் அங்கே வெறும் உவமைப் பொருள். மயிலிறகு வண்டியில் மயிலைப் பற்றி யாரும் கவலைப்படாததைப் போல, உவமேயம் விளங்கியதும் அவர்கள் மறைந்துவிடுகிறார்கள். இந்த மறைவு நிகழ்ந்த காலமோ, அவர்கள் தம் குரலில் பேசத் தொடங்கியிருந்த காலம். கயோவா இனத்தவரான என். ஸ்காட் மோமடே தம் நாவலுக்காக 1969இல் புலிட்சர் பரிசு பெற்றார். அதே ஆண்டு லகோட்டா வழிவந்த வைன் டெலோரியா எள்ளலும் சினமும் கலந்த தம் புகழ்பெற்ற கட்டுரை நூலை வெளியிட்டார். நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் அல்கட்ராஸ் தீவைப் பூர்வகுடி இளைஞர்கள் கைப்பற்றி 1971 ஜூன் வரை வைத்திருந்தார்கள்.

1973 பிப்ரவரி 27 அன்று லகோட்டா மக்களும் அமெரிக்க இந்திய இயக்கத்தினரும் வூண்டட் நீ சிற்றூரைத் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து, மீறப்பட்ட உடன்படிக்கைகளைப் பற்றி அரசு தம்மோடு பேசவேண்டும் என்று கோரினார்கள். ஒரு மாதம் கழித்து, 'தி காட்ஃபாதர்' படத்துக்காகத் தமக்கு அறிவிக்கப்பட்ட ஆஸ்கரை மார்லன் பிராண்டோ மறுத்து, திரைப்படங்கள் இந்தியர்களைக் காட்டிவந்த முறையையும் வூண்டட் நீயில் நடந்துகொண்டிருந்ததையும் காரணமாகச் சொல்லியனுப்பினார். இம்முறை நடப்பு நிகழ்ச்சியைப் பற்றி வெஸ்டர்ன் கருத்துரைக்கவில்லை. வெஸ்டர்னைப் பற்றி நடப்பு நிகழ்ச்சி கருத்துரைத்தது. முற்றுகை 71 நாட்கள் நீடித்தது. கவச வண்டிகளோடு ஊரைச் சூழ்ந்து நின்றவர்களுள், ஜான் வெய்ன் தம் நினைவில் தவறாகக் கேனின் நெஞ்சில் குத்திவிட்ட அதே சின்னத்துக்கு உரியவர்களான ஐக்கிய அமெரிக்க மார்ஷல்களும் இருந்தார்கள்.